தீ தாங்கும் துப்பாக்கிப் பெட்டகம்: ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வீட்டில் உரிமத்தோடு ஒரு ரைஃபிள், பழைய இரட்டைக்குழல் ஷாட்கன், ஒரு பிஸ்டல் இருக்கின்றன. தீ தாங்கும் பெட்டகம் ஒன்று வாங்க வேண்டும். ஒன்றில் "1200 டிகிரி, 60 நிமிடம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் "1400 டிகிரி, 90 நிமிடம்" என்று இருக்கிறது. எது நல்லது? வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், குடும்பப் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க், தோட்டாக்கள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டகத்தில் வைக்காதீர்கள். துப்பாக்கிகளுக்குக் கனமான, தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பெட்டகம். காகிதத்துக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் முறையாகச் சான்று பெற்ற சின்னதாக ஒரு தீ தாங்கும் பெட்டி. தோட்டாவுக்குப் பூட்டு போட்ட சாதாரண இரும்பு அலமாரி. ஸ்டிக்கரில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் வைத்து ஒரு பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

ஸ்டிக்கரில் உள்ள 1200, 1400 எல்லாம் பாரன்ஹீட் கணக்கு. 1200 என்றால் சுமார் 650 டிகிரி செல்சியஸ், 1400 என்றால் 760. இது பெட்டகத்தை வைத்துச் சோதித்த உலைக்குள், பெட்டகத்துக்கு வெளியே இருந்த சூடு. உள்ளே எவ்வளவு ஏறியது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அதைப் பல ஸ்டிக்கர்கள் சொல்வதே இல்லை. ஆக, "60 நிமிடம்" என்று படித்தவுடன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். உலை எவ்வளவு வேகமாக, எந்த அளவுக்குச் சூடானது? உள்ளே எத்தனை டிகிரி ஆனால் தோல்வி என்று வைத்துக்கொண்டார்கள்? உலையை அணைத்த பிறகும் உள்சூட்டைத் தொடர்ந்து அளந்தார்களா? சோதித்தது யார், தயாரித்தவரேவா அல்லது வெளி ஆய்வகமா?

இந்த நான்குக்கும் தெளிவான பதில் வைத்திருக்கும் ஒரு தரம், யுஎல் என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனத்தின் யுஎல் 72. ஆவணப் பெட்டிகளுக்காக உருவானது. அதில் "கிளாஸ் 350, 1 மணி நேரம்" என்றால் அர்த்தம் இதுதான்: உலையின் சூடு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஏறி, அரை மணியில் 1550 பாரன்ஹீட்டை, அதாவது 843 செல்சியஸைத் தொட வேண்டும். ஒரு மணி முடியும்போது 1700 பாரன்ஹீட், 927 செல்சியஸ். அவ்வளவு நேரமும் உள்ளே 350 பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 177 செல்சியஸ். இதோடு முடியாது. உலையை அணைத்துவிட்டுப் பெட்டியை அதற்குள்ளேயே ஆற விடுவார்கள். வெளியே ஆறிக்கொண்டிருக்கும்போது சுவரில் தேங்கிய சூடு உள்ளே இறங்கும். உள்ளே மிக அதிகமான சூடு பல நேரம் இந்த ஆறும் கட்டத்தில்தான் வரும். அப்போதும் 177-ஐத் தாண்டக் கூடாது. உள்ளே வைத்த காகிதம் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இப்போது 1200 பாரன்ஹீட் ஸ்டிக்கரை இதோடு ஒப்பிடுங்கள். 650-க்கும் 927-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பற்றி எரியும் அறையில் ஒரு பொருளுக்குச் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வருகிறது. கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் (கெல்வினில் அளக்கும் வெப்பநிலை) நான்காம் அடுக்குப்படி ஏறும். 927 செல்சியஸ் என்பது 1200 கெல்வின், 649 என்பது 922 கெல்வின். இரண்டையும் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்தால் கிட்டத்தட்ட 2.9 வரும். அதாவது அந்த உச்சத்தில் பெட்டகத்தின் மேல் விழும் கதிர்வீச்சு ஏறக்குறைய மூன்று மடங்கு. நிமிடம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சோதனைகள். வீட்டில் ஓர் அறை முழுக்கப் பற்றிக்கொள்ளும் கட்டம் மேற்கூரை அருகே 500, 600 டிகிரி செல்சியஸில் தொடங்கும். அதன் பிறகு 900, 1000 வரை போவது அரிதில்லை.

துப்பாக்கிப் பெட்டகங்களில் யுஎல் 72 சான்று உள்ளவை மிகக் குறைவு. பெரும்பாலானவை தயாரிப்பாளரே வகுத்த முறையில் சோதிக்கப்பட்டவை. சிலர் அந்தச் சோதனையை இன்டர்டெக் போன்ற வெளி ஆய்வகத்தில் செய்து ஈடிஎல் முத்திரை வாங்குகிறார்கள். அது தன் வீட்டு உலையில் சோதித்ததைவிட நம்பத் தகுந்தது. ஆனால் அங்கேயும் என்ன முறையில் சோதித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். உள்ளே ஒரே ஒரு சூடு அளக்கும் முனையைக் கீழ்த்தட்டில் வைத்திருந்தால் எண் அழகாகத்தான் வரும். சூடான காற்று மேலேதான் தேங்கும், ஆகவே மேல்தட்டில் அளந்திருக்க வேண்டும். சோதனை அறிக்கையைக் காட்டச் சொன்னால் மழுப்பும் கடையில் தீ எண்ணுக்காக அதிகப் பணம் தர வேண்டாம்.

இன்னொரு குழப்பம், "யுஎல்" என்ற எழுத்துகளே. அந்த முத்திரை பூட்டுக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கலாம். அல்லது திருட்டுத் தடுப்புக்கான யுஎல் 1037 முத்திரையாக இருக்கலாம். இரண்டுக்கும் தீயோடு சம்பந்தமே இல்லை. ஐரோப்பியத் தரங்களிலும் இதே கதைதான். இஎன் 1143-1, இஎன் 14450 இரண்டும் உடைப்புக்கு எதிரானவை. தீக்கு இஎன் 1047-1 என்ற கடுமையான தரமும், இஎன் 15659 என்ற இலகுவான தரமும் தனியாக இருக்கின்றன. முன்னதில் பெட்டகத்தைச் சூடாக்கி உயரத்திலிருந்து கீழே போட்டும் பார்ப்பார்கள். பிரிட்டனில் துப்பாக்கி அலமாரிகளுக்கான பிஎஸ் 7558 தரமும் உடைப்பைப் பற்றியதுதான். முத்திரை எதற்குக் கிடைத்தது என்று எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, சுவருக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலான துப்பாக்கிப் பெட்டகங்களில் ஜிப்சம் போர்டு. வீட்டில் தடுப்புச் சுவருக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் அடிக்கிற அதே வகைதான். இதைச் சொன்னதும் சிலர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். தேவையில்லை, ஜிப்சம் உண்மையிலேயே நல்ல சரக்கு. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வேதிப் பிணைப்பில் இருக்கும் தண்ணீர். 100 டிகிரிக்கு மேல் சூடானதும் அந்தத் தண்ணீர் பிரிந்து ஆவியாகத் தொடங்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் சக்தி வேண்டும், அந்தச் சக்தியைத் தீயிடமிருந்தே அது பிடுங்கிக்கொள்கிறது. தண்ணீர் தீரும்வரை போர்டின் உள்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீர்ந்துவிட்டால் அப்புறம் சூடு வேகமாக ஏறும். ஆக, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் நிமிடங்கள் பெரும்பாலும் சுவரில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தவைதான்.

இதை வைத்துக் கடையிலேயே ஒரு கணக்குப் போடலாம். ஒன்றரை மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் உள்ள பெட்டகத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். உடல் தகடு 12 கேஜ், அதாவது 2.7 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 21 கிலோ, மொத்தம் 105 கிலோவுக்கு மேல். அரை அங்குல ஜிப்சம் போர்டு சதுர மீட்டருக்கு 8, 9 கிலோ வரும். எல்லாப் பக்கமும் இரண்டு அடுக்கு என்றால் 85 கிலோ. கதவு, பூட்டு, போல்ட்டுகள் தனி. எப்படிப் பார்த்தாலும் 220 கிலோவுக்குக் குறையக் கூடாது. விவரச் சீட்டில் 140 கிலோ என்று போட்டிருந்தால் ஒன்று தகடு மெல்லியது, இல்லையென்றால் போர்டு எல்லாப் பக்கமும் இல்லை. எடையை மறைப்பது கஷ்டம், அதனால் விளம்பரத்தைவிட நான் எடையைத்தான் நம்புவேன். மேலே சொன்ன 85 கிலோ போர்டில் 17 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள், அந்தத் தண்ணீரால் வரும் தொல்லை ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

கேஜ் கணக்கில் எண் ஏற ஏறத் தகடு மெல்லிசாகும். 14 கேஜ் 1.9 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.6. "கதவு 10 மில்லிமீட்டர்" என்று பெருமையாகப் போட்டிருக்கும் பெட்டகத்தில் பக்கச் சுவர் 14 கேஜாக இருக்கலாம். திருடன் கதவோடுதான் மல்லுக்கட்டுவான் என்று எந்த விதியும் இல்லை.

போர்டு எங்கே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். விலை குறைந்தவற்றில் கதவின் உள்பக்கம் பூட்டு இருக்கும் இடத்தில் போர்டை வெட்டி எடுத்துவிடுவார்கள், சிலவற்றில் கதவில் போர்டே இருக்காது. மேல்தட்டில் மற்ற பக்கங்களைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு அடுக்கு இருந்தால் ஒன்றின் இணைப்பு மற்றதன் இணைப்பின் மேல் வரக் கூடாது. சாதாரண போர்டு தண்ணீர் போனதும் சுருங்கி விரிசல் விடும். கண்ணாடி இழை கலந்த "டைப் எக்ஸ்" போர்டு கூடுதல் நேரம் உருக்குலையாமல் நிற்கும். சில பெட்டகங்களில் ஜிப்சத்துக்குப் பதில் செராமிக் கம்பளி இருக்கும். எடை குறைவு, ஆவியும் வராது, ஆனால் அதில் உறிஞ்சும் தண்ணீர் இல்லாததால் தடிமன் போதுமான அளவு இருந்தாக வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் கலவை ஊற்றிய பெட்டகம்தான் இருப்பதிலேயே சிறந்தது, தீக்கும் திருடனுக்கும் ஒரே சுவர் ஈடு கொடுக்கும். விலையும் எடையும் அதற்கேற்ப இருக்கும்.

கதவுச் சந்தில் ஒட்டியிருக்கும் பட்டையைத் தடவிப் பாருங்கள். சூடு பட்டதும் பல மடங்கு உப்பிச் சந்தை அடைக்கும் பட்டை அது. கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். ஆனால் அது உப்புவதற்கு முன்பே புகை உள்ளே நுழையும், அதனால் சாதாரண ரப்பர் சீல் ஒன்றும் கூட இருப்பது நல்லது.

இனி துப்பாக்கிக்கு வருவோம். தீ தாங்கும் பெட்டகத்தின் எல்லைகள் எல்லாம் காகிதத்தை நினைத்து வகுத்தவை. துப்பாக்கி பல வகையில் காகிதத்தைவிட உறுதியானது, சில வகையில் அதைவிட நுணுக்கமானது. குழலும் மற்ற எஃகுப் பாகங்களும் 177 டிகிரியை உணரவே உணராது. மரக்கட்டை 280, 300 டிகிரியில் கரியத் தொடங்கும், ஆனால் அதன் மேல் பூசிய வார்னிஷ் அதற்கு வெகு முன்பே போய்விடும். பிஸ்டலின் பாலிமர் (பிளாஸ்டிக்) உடல் நைலான் வகை என்றால் 220 டிகிரிக்கு மேல் உருகும், அதற்கு முன்பே இளகி வளையும். உங்கள் இரட்டைக்குழலில் கவனம் தேவை. பல பழைய இரட்டைக்குழல்களில் இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டது. அந்தக் கலவை உருகத் தொடங்குவது 183 டிகிரியில். அதாவது காகிதத்துக்கான எல்லையை ஒட்டியே இருக்கிறது. வெளியில் எந்தக் காயமும் தெரியாமல் பட்டை விட்டுக்கொடுத்திருக்கும்.

ஆனால் தீயில் தப்பிய துப்பாக்கிகளை அதிகம் கெடுப்பது ஆவிதான். சுவரில் இருக்கும் அந்த 17 லிட்டரில் ஒரு பகுதி வெளியே போகும், ஒரு பகுதி உள்ளே வரும். வெளியே 900 டிகிரி இருக்கும்போது உள்ளே துப்பாக்கி ஆவிக் குளியலில் நிற்கிறது. ஆறும்போது அது நீராக மாறி ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கும். எரியும் பிவிசி ஒயர், பைப் இவற்றிலிருந்து வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். ஒரே நாளில் துரு பிடித்துவிடும். இந்த ஆவியைக் குறையாக நான் சொல்லவில்லை, குளிர வைப்பதே அதுதான். ஆனால் துப்பாக்கிக்குக் கெட்டியான எண்ணெய் அல்லது மெழுகுப் பூச்சு எப்போதும் இருந்தால் தப்பிக்கும் வாய்ப்பு கூடும்.

காகிதமும் ஹார்ட் டிஸ்க்கும் ஏன் தனியாக வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும். காகிதம் 177 டிகிரி வரை தாங்கும், ஹார்ட் டிஸ்க், டேப், பழைய போட்டோ நெகடிவ் தாங்காது. யுஎல் 72-லேயே இவற்றுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. நெகடிவுக்கும் காந்த டேப்புக்கும் 150 பாரன்ஹீட், அதாவது 66 செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள். அதைவிட நுணுக்கமான காந்த வட்டுகளுக்கு 125 பாரன்ஹீட், 52 செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதத்துக்குள். ஜிப்சம் பெட்டகம் நன்றாக வேலை செய்தால்கூட உள்ளே 100 டிகிரியில் ஆவி நிறைந்திருக்கும். அதில் ஹார்ட் டிஸ்க் அவ்வளவுதான். 125 வகுப்புச் சான்று உள்ள சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிப் பெரிய பெட்டகத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். இரண்டு அடுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், திருடனும் எளிதில் தூக்கிப் போக முடியாது. பாஸ்போர்ட், பத்திரம், உரிமம் இவையும் அதற்குள்ளேயே இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதற்கு வேறோர் ஊரில் ஒரு பிரதி வைப்பது இதைவிடவும் நல்லது.

தோட்டா விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நவீன தோட்டாவில் இருக்கும் புகையற்ற வெடிமருந்து 160, 170 டிகிரி செல்சியஸிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். மேலே சொன்ன 177 எல்லைக்கு அது கீழே. அதாவது காகிதத்தைக் காப்பாற்றித் தேர்ச்சி பெற்ற பெட்டகத்துக்குள்ளேயே தோட்டா வெடிக்க முடியும். திறந்த இடத்தில் தனியாகக் கிடக்கும் தோட்டா வெடித்தால் பித்தளை உறை கிழியும், சிதறல்கள் குறைந்த வேகத்தில்தான் பறக்கும். குழல் இல்லாததால் குண்டுக்குத் துப்பாக்கியில் கிடைக்கும் வேகம் கிடைக்காது. குழலுக்குள் ஏற்றி வைத்திருந்த தோட்டா கதை வேறு, சூடு ஏறியதும் அது விசையை அழுத்தாமலே முழு வேகத்தில் சுடும். எதிரே தீயணைப்பு வீரர் நிற்கலாம். ஆகவே பெட்டகத்துக்குள் போகும் எந்தத் துப்பாக்கியிலும் குழலிலோ மேகசினிலோ ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. தோட்டாக்கள் தனி அலமாரியில், சமையலறை, ஹீட்டர் இவற்றுக்குத் தள்ளி, பூட்டோடு இருக்கட்டும். காற்றுப் புகாத பெட்டி வேண்டாம்.

தோட்டாவை நீங்களே நிரப்புபவர் என்றால் டப்பா மருந்தை எக்காரணம் கொண்டும் கனத்த பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள். திறந்த இடத்தில் வேகமாக எரிந்து போகும் மருந்து, இறுக அடைத்த இரும்புக்குள் குண்டாக மாறும். அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர் அமைப்பான சாமி, மருந்து வைக்கும் அலமாரிக்கு அழுத்தம் வந்தால் எளிதில் விட்டுக்கொடுக்கும் ஒரு பலவீனமான சுவரோ இணைப்போ வேண்டும் என்றே சொல்கிறது. பெட்டகத்துக்கு நேர் எதிரான வடிவம். துப்பாக்கி துடைக்கும் கரைப்பான், எண்ணெய் ஸ்ப்ரே டின் இவையும் பெட்டகத்துக்கு வெளியே.

தீயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துப்பாக்கிப் பெட்டகத்தின் முதல் வேலை குழந்தையின் கையும் திருடன் கையும் துப்பாக்கிமேல் படாமல் பார்த்துக்கொள்வது. தீ அதற்கு அடுத்ததுதான். பணம் அளவோடு இருந்தால் தீ நிமிடங்களைக் குறைத்துக்கொண்டு தடித்த தகட்டை வாங்குங்கள். யுஎல் 1037-ன் அடிப்படை நிலை என்பது ஓர் ஆள் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், நெம்புகோல் போன்ற கைக்கருவிகளோடு 5 நிமிடம் முயன்றும் திறக்க முடியாதது. கிரைண்டர் அந்தச் சோதனையில் கிடையாது. அவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் அதுகூட இல்லாத பெட்டகங்கள் சந்தையில் நிறைய. அதற்கு மேல் இரண்டாம், மூன்றாம் நிலைகள் 10 நிமிடம். உண்மையான வணிகப் பெட்டகத் தரங்களான டிஎல்-15, டிஎல்-30 எல்லாம் வேறு எடை, வேறு விலை. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் 2017 ஜூலையிலிருந்து புதிதாக வாங்கும் துப்பாக்கிப் பெட்டகம் இஎன் 1143-1-ன் 0 நிலையிலாவது இருக்க வேண்டும். தோட்டாவைத் தனியாக வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் நாடுகளும் இருக்கின்றன.

பூட்டில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. எண் சுழற்றும் டயல் பூட்டு மெதுவானது, ஆனால் பேட்டரி வேண்டாம், பல வருடம் உழைக்கும். எண் அழுத்தும் எலக்ட்ரானிக் பூட்டு வேகமானது, தீயில் அதன் கீபேட் உருகிவிடும், அப்போது பூட்டுக்காரர் துளை போட்டுத்தான் திறக்க வேண்டும். தீக்குப் பிறகு எந்தப் பூட்டாக இருந்தாலும் பெரும்பாலும் அதே நிலைதான் என்பதால் இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைரேகைப் பூட்டு மட்டும் உள்ள பெரிய பெட்டகத்தைத் தவிர்ப்பேன். சாவிப் பூட்டு என்றால் சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், குழந்தைகளுக்கு முதலில்.

அளவு: "24 துப்பாக்கி" என்று எழுதியிருந்தால் பாதிதான் வசதியாக நிற்கும். டெலஸ்கோப் பொருத்தியிருந்தால் அதுவும் குறையும். உங்கள் மூன்றுக்கும் உள்பெட்டிக்கும் 10, 12 என்று எழுதியது போதும்.

எங்கே வைப்பது என்பது எந்தப் பெட்டகம் என்பதைப் போலவே முக்கியம். மாடியில் வைத்தால், கீழே எரியும்போது தளம் விட்டுக்கொடுத்துப் பெட்டகம் விழும். யுஎல் 72-ல் பெட்டியைச் சூடாக்கி 9 மீட்டர் உயரத்திலிருந்து இடிபாடுகள் மேல் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று இருப்பது இதற்காகத்தான். துப்பாக்கிப் பெட்டகம் எதுவும் அதைத் தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் கட்டப்படுகின்றன. 300 கிலோப் பெட்டகம் நிற்பது அரை சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில். தரைத்தளத்தில் கான்கிரீட்டின் மேல், இரண்டு வெளிச்சுவர் சேரும் மூலையில், சமையலறை, கார் ஷெட், எரிவாயுக் குழாய் இவற்றிலிருந்து தள்ளி வைப்பது உத்தமம். அந்த மூலையில் சோபா, மெத்தை, துணி அலமாரி போன்றவை குறைவாக இருந்தால் அங்கே தீ எரியும் நேரமும் குறையும். நிலவறை என்றால் குளிர்ச்சிதான், ஆனால் தீயணைக்கும் தண்ணீர் எல்லாம் அங்கே தேங்கும், மேலிருந்து விழும் இடிபாடு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அங்கே வைப்பதானால் ஒரு மேடை கட்டி வையுங்கள். சுவரோடு சேர்ந்த சிற்றறைக்குள் வைத்து அந்த அறைச் சுவரிலும் கூரையிலும் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு அடித்தால் குறைந்த செலவில் கணிசமான நேரம் கூடும். பெட்டகத்துக்குள் போர்டு சேர்ப்பதைவிட இது எளிது.

அப்புறம், தரையோடு போல்ட் போட்டே ஆக வேண்டும். போல்ட் போடாத பெட்டகத்தைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டால் கதவை நெம்புவது சுலபம். நான்கு துப்பாக்கிகளை உள்ளே வைத்துக் கனமான கதவைத் திறந்தால் முன்பக்கம் சாயும் அபாயமும் உண்டு, பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கலாம். தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள், புதிதாகத் துளைத்தால் தீ உத்தரவாதம் போகும். துளைகளையும் மின்ஒயர் வரும் ஓட்டையையும் தீயில் உப்பும் பசையால் அடைத்துவிடுங்கள்.

தீ வராத எல்லா நாளிலும் உங்கள் துப்பாக்கியின் எதிரி ஈரம். ஜிப்சம் தன்னிடம் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும், இறுக்கமான சீல் அதை வெளியே விடாது. உள்ளே 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். மிகவும் உலர்ந்தால் மரக்கட்டை வெடிக்கும். ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்து, சிலிக்கா ஜெல் டப்பாவோ அடித்தட்டில் மெதுவாகச் சூடாகும் மின்தண்டோ பயன்படுத்துங்கள். ஸ்பாஞ்ச் வைத்த துப்பாக்கிப் பெட்டியோடு உள்ளே வைக்காதீர்கள், ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தீ வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணைந்ததும் ஓடிப்போய்த் திறக்காதீர்கள். உள்ளே சூடாக இருக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் திடீரென்று காற்று கிடைத்தால் பற்றிக்கொள்ளும். வெளித்தகடு கையால் தொடும்படி முழுதாக ஆறும்வரை, பெரும்பாலும் ஒரு நாள், விட்டுவிடுங்கள். ஆறிய பிறகு தாமதிக்கக் கூடாது. துப்பாக்கிகளை எடுத்து, கட்டையைக் கழற்றி, சுத்தமாகத் துடைத்து உலர்த்தி, எல்லா இடுக்கிலும் நீர் விரட்டும் எண்ணெய் விடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே சுடாதீர்கள். 250 டிகிரிக்கு மேல் போயிருந்தால் ஸ்பிரிங்குகளின் பதம் இறங்கியிருக்கலாம், இரட்டைக்குழலின் பற்றாசு விட்டிருக்கலாம். துப்பாக்கி பழுது பார்ப்பவர் ஒருவர் பிரித்துப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும்.

உங்கள் இரண்டு ஸ்டிக்கர்களைப் பொறுத்தவரை, 1400 டிகிரி பெட்டகத்துக்கு வெளி ஆய்வக அறிக்கை இருந்து, எடைக் கணக்கும் ஒத்துவந்தால் அதை எடுங்கள். அறிக்கை இல்லை என்றால் இரண்டில் தடித்த தகடும் அதிக எடையும் உள்ளதை எடுத்து, மிச்சப் பணத்தைச் சான்று பெற்ற உள்பெட்டிக்குச் செலவழியுங்கள். பெட்டகம் வந்து இறங்கிய அன்றே ஒவ்வொரு துப்பாக்கியையும் அதன் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, உரிம எண்ணோடு சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.